பாதிரியாரின் அறுபதாம் கல்யாணம்

சுதந்திரம் வந்ததும் துரைமார் பலர் கப்பலேறினார்கள். எங்களைப் பரலோகத்துக்கு ஏற்றிவிடாமல் போவதில்லை என்று இலங்கை மலையகத்தில், எங்கள் ராகலைத் தேயிலைத் தோட்டத்தில் தங்கிவிட்டவர் அந்த வெள்ளைக்காரப் பாதிரியார். எங்கள் சபைப் பெண்களின் மஞ்சள் கயிறுதான் அவருக்குப் பரம வைரி. தேவாலய வாசலிலேயே குடை நுனியால் கழுத்தைச் சுட்டிக்காட்டித் திட்டுவார். என் மனைவி பயந்துபோய்த் தாலியைத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அவருக்கு அறுபது நிறைந்த அன்று, லயத்துக் குடியிருப்பு ஜனமெல்லாம் தப்படித்துக்கொண்டு பங்களாவுக்கே போனோம். கங்காணி தாம்பாளத்தில் மஞ்சள் கயிற்றை நீட்டினார்.

"அறுபது முடிஞ்சா அம்மாவுக்குத் திரும்பத் தாலி கட்டணுங்க ஐயா. அது எங்க வழக்கம்."

"இது அஞ்ஞானிகளின் ஆசாரம்!" பாதிரியார் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

அதுவரை வாய் திறந்து நாங்கள் பார்த்திராத அவர் மனைவி, எங்கள் தமிழிலேயே கேட்டார்: "நீங்க கட்டுறீங்களா, நானே கட்டிக்கவா?"

பாதிரியார் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டினார்.

அடுத்த ஞாயிறு அந்த அம்மா முதல் பெஞ்சில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் நோவாவின் பேழையைப் பற்றி. என் மனைவியும் தகரப் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

எனக்கு இன்றுவரை விளங்காதது ஒன்றுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த மனிதர் மூன்று முடிச்சையும் சரியாகப் போட்டாரே, எப்படி?