அவள் குடிக்காத தண்ணீர்

என் மனைவி யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். நான் ஓட்டோ ஓடுகிறேன். காலையில் பண்டத்தரிப்பிலிருந்து அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்ட பிறகுதான் மற்ற ஓட்டமெல்லாம்.

போன மாரியில் அவள் அடிவயிற்றின் இடப்பக்கத்தைக் கையால் அழுத்தியபடி நடக்கத் தொடங்கினாள். கேட்டால், "வாய்வப்பா, ஓமத்தண்ணி குடிச்சாச் சரி" என்பாள். ஒருநாள் விடியக் காய்ச்சலோடு நிமிர முடியாமல் கிடந்தாள். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். குலுங்கினால் நோகுமென்று ஒவ்வொரு பள்ளத்தையும் விலத்தி விலத்தி ஓட்டினேன்.

ஸ்கான் படத்தைப் பார்த்த டொக்டர் பிள்ளை, எங்கள் மகளின் வயதுதான் இருக்கும், கட்டிலில் வந்து இருந்தாள்.

"அம்மா, பெருங்குடல் சுவரிலை சின்னச் சின்னப் பைகள் மாதிரி வெளியிலை தள்ளியிருக்கு. வயசு போகக் கனபேருக்கு வாறதுதான். அதிலை ஒண்டு இப்ப வீங்கிப் புண்ணாகியிருக்கு. அதுதான் நோவும் காய்ச்சலும்."

"புற்றுநோயோ?" என்றாள் மனைவி. இவ்வளவு நாளும் அவள் வாய்வென்று மழுப்பியதற்குக் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஸ்கானிலை அப்பிடித் தெரியேல்லை. இது ஆறின பிறகு ஒருக்கால் குடலுக்குள்ளை கமரா விட்டுப் பாப்பம். மலச்சிக்கல் இருக்கோ? வேலையிலை நிக்கேக்கை தண்ணி குடிக்கிறனீங்களோ?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "காலமை ஒரு தேத்தண்ணி. பிறகு வீட்டை வந்துதான். கடைக் கக்கூசுக்குப் பூட்டு இல்லை. ஆம்பிளையள் நிக்கிற இடத்தாலைதான் போகவேணும்."

எத்தனை வருடமாக அந்தக் கடை வாசலில் அவளை இறக்கிவிடுகிறேன்! இது எனக்குத் தெரியாது. அவளுடைய கையைப் பிடித்தேன். வார்டில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று இழுத்துக்கொண்டாள், கொஞ்சம் பொறுத்துத் தானாகவே தந்தாள்.

முதலில் சேலைனும் ஊசிமருந்தும். பிறகு வடிகஞ்சி, குழைந்த சோறு. நோ முழுதும் விட்ட பிறகுதான், டொக்டர் சொன்னபடி, கொஞ்சங் கொஞ்சமாக முருங்கையிலையும் பயறும் தவிட்டரிசியும். சமையல் என்னுடையது. உப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

வேலைக்குத் திரும்புகிற நாள் வந்தபோது, "நான் முதலாளியோடை கதைக்கிறன்" என்றேன்.

"வேண்டாம். நான் கதைப்பன்."

கூட வேலை செய்கிற பெண்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்திருக்கிறாள். முதலாளி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாராம். அந்தக் கிழமையே பெண்களுக்கென்று பின்பக்கத்தில் தனிக் கக்கூசு, உள்ளே கொண்டியோடு.

கமரா விட்டுப் பார்த்ததில் பயப்பட ஒன்றும் இல்லை. பைகள் அப்படியேதான் இருக்கும், அதோடு வாழலாம் என்றார்கள். திரும்பவும் நோவும் காய்ச்சலும் வந்தாலோ, இரத்தம் போனாலோ, உடனே வரவேண்டும். விதை போய்ப் பைக்குள் சிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் அதுவரை கொய்யாப்பழத்தை விதை தோண்டித்தான் கொடுத்துவந்தேன். அதைச் சொன்னதும் டொக்டர் பிள்ளை சிரித்துவிட்டாள்.

"ஐயா, விதையோடையே குடுங்கோ. ஒண்டும் செய்யாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் மனைவி. "போன முறை கிளினிக்கிலை கேட்டனான். இவர் கரண்டியோடை இருந்து தோண்டித் தாறது நல்லாயிருந்தது. அதுதான் சொல்லேல்லை."