கேமராவுக்குத் தெரியாத மூலை

இரண்டு வருடம் ஆட்டுப் புழுக்கையைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றிருக்கிறேன். மடிக்கணினியில் படம் படமாகத் திறந்து, ஒவ்வொரு புழுக்கையைச் சுற்றியும் கோடு வரைந்து, எது புழுக்கை, எது மண் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் ஆராய்ச்சியின் முதல் பாதி. கரிசல் தரையில் கருத்த புழுக்கை கிடந்தால் கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். கடைசியில் வேறு வழியில்லாமல் கொட்டகைத் தரைக்குச் சிமெண்டு போட்டோம்.

கொட்டகை, எட்டயபுரம் சாலையில் ஆடு வளர்க்கும் ஒரு அக்காவுடையது. படித்த பெண்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர்தான். நானும் அப்படியே ஆனேன். பகலில் ஆடுகள் மேயப் போனதும் என் இயந்திரம் வேலையைத் தொடங்கும். நாலு சக்கரம், முன்னால் ஒரு தகடு. புழுக்கையை வழித்து வாசல் வழியாக வெளிக்குழியில் தள்ள வேண்டும். எப்படித் தள்ளுவதென்று நான் சொல்லித் தரவில்லை. கூரையில் இருந்த கேமராவுக்குத் தெரிகிற புழுக்கை குறையக் குறைய அதற்கு மதிப்பெண் ஏறும். மதிப்பெண்ணைக் கூட்டும் வழியை அதுவே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த மூத்திர வீச்சம் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. ஜாக்கெட்டுக்குள் உண்ணி ஏறியது. வீட்டில் அம்மா என் துணிகளைத் தனி வாளியில் ஊறவைத்தாள். அதனால் இயந்திரம் ஓரளவு பழகியதும் நான் கொட்டகைக்குப் போவதை விட்டுவிட்டு, கோவில்பட்டி வீட்டிலிருந்தே திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் மதிப்பெண் கிடுகிடுவென்று ஏறியது. சென்னையில் இருக்கும் என் பேராசிரியருக்கு மதிப்பெண் ஏறிய வரைபடத்தை அனுப்பினேன். பிரமாதம் என்றார்.

மறுநாள் காலை அக்காவுக்குக் காராச்சேவு வாங்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே வீச்சம் முகத்தில் அடித்தது. உள்ளே தரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குப் புழுக்கைக் குவியல். மூத்திரத்தில் ஊறி, வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா ஒரு குட்டியை மடியில் மல்லாத்திப் போட்டு, அதன் குளம்பிடுக்கிலிருந்து குச்சியால் புழுவை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளாக்கா இப்படி?"

"ஆச்சு, அஞ்சாறு நாளு. ஒங்க மிஷினு இங்கனயேதான் கொண்டாந்து தள்ளுது. ஏதோ கணக்கு வச்சுத்தான் செய்யுதுன்னு நெனச்சேன் டீச்சர். படிச்சவிய செஞ்சதுல நான் என்னத்தச் சொல்ல?"

வெளியே ஓடி வேலியோரம் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளிக்கும்போதுதான் உறைத்தது. தொட்டி மறைப்பதால் அந்த மூலை கேமராவுக்குத் தெரியாது. கொட்டகையைச் சுத்தம் செய் என்று நான் இயந்திரத்துக்குச் சொல்லவே இல்லை. அழுக்கு கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது அப்படியே செய்திருக்கிறது.

பேராசிரியருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார்.

"இது தனிக் கட்டுரைக்கே ஆகும். இப்போதைக்கு மேல இருந்து எடுத்த வீடியோவை மட்டும் அனுப்பு. செவ்வாய்க்கிழமை பணம் கொடுக்கிறவங்க பார்க்க வர்றாங்க."

"மூலையில புழு நெளியுது சார்."

"மூலையை யாரும்மா கேட்கப்போறா?"

அனுப்பினேன். அனுப்பியது நான்தான், அவர் இல்லை.

செவ்வாய்க்கிழமை சீக்கிரமே போனேன். நாற்றம் இல்லை. தொட்டியின் பின்புறம் கழுவிக் காய்ந்திருந்தது. அக்காவின் நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"நீங்களாக்கா அள்ளுனீங்க?"

"பெரிய ஆளுக வாராவன்னு சொன்னீங்கள்லா. அவிய முன்னால ஒங்களுக்கு ஒரு கொறச்சல் வந்துறக் கூடாதுல்லா."

பேராசிரியரோடு நாலு பேர் காரில் வந்து இறங்கினார்கள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தார்கள், தொட்டிக்குப் பின்னாலும் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார்: "மனுசக் கையே படலையா?"

"படலை," என்றார் பேராசிரியர்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. புழுக்களைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

அப்புறம் மூலையில் இன்னொரு கேமரா மாட்டிப் பார்த்தேன். மதிப்பெண் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த வரைபடத்தை யாரும் கேட்கவில்லை. நடந்ததை எல்லாம் அறிக்கையில் இரண்டு பக்கம் எழுதினேன். பேராசிரியர் அதை வெட்டி, 'சில ஓரப் பகுதிகளில் செயல்திறன் மாறுபடலாம்' என்று ஒரே வரியாக்கினார். அதற்கு மேலே முதல் பெயராக என் பெயர் இருந்தது. எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் கால் கோணிவிட்டது.

மூன்று மாதம் கழித்து இயந்திரத்தைக் கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றினேன். தகட்டு இடுக்கில் காய்ந்திருந்ததை அக்கா தன் கையாலேயே சுரண்டிவிட்டார்.

"அடுத்த மிஷினு செஞ்சாலும் இங்கனயே கொண்டாங்க டீச்சர்."

டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, போகலாம் என்றேன்.