மூன்றாவது நகல்

பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்க என் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் வேண்டியிருந்தது. அதை வாங்கத் திருச்சி கோர்ட்டுக்குப் போன அன்றுதான் அவரைப் பார்த்தேன். முசிறிக்காரர். ஐம்பது வயதிருக்கும். கல்யாணத்துக்கு வந்தவர்போல இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தன் விவாகரத்துத் தீர்ப்பின் நகலை வாங்கியவர் உள்ளே புரட்டவேயில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நடுவில் வைத்த கட்டைவிரலை எடுக்கவில்லை.

“உங்களுக்கும் பாஸ்போர்ட்டுக்கா சார்?” என்றேன்.

“இல்லைங்கம்மா. இது மூணாவது காப்பி. முன்னாடி வாங்கினதெல்லாம் மடிச்சு மடிச்சுக் கிழிஞ்சு போச்சு.”

“அப்படி எதுக்குங்க?”

“ரேஷன் கார்டுல அவங்க பேரை எடுத்தாச்சு. பேங்குலயும் எடுத்தாச்சு. எங்க ரெண்டு பேர் பேரும் ஒண்ணா இருக்கறது இப்ப இதுல மட்டுந்தாங்க.”

எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு ஏங்குகிறவர் எதற்குப் பிரிந்தார்? என் நகலை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் நகலைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் மேலே என் பெயர், கீழே என் கணவராக இருந்தவரின் பெயர். இரண்டுக்கும் நடுவில், முசிறிக்காரரின் விரல் இருந்த அதே இடத்தில், ‘எதிராக’ என்று அச்சிட்டிருந்தது.

காவிரிப் பாலம் தாண்டும்வரை நானும் அதன்மேல் விரலை வைத்திருந்தேன்.