கடைசிக் கட்டத்துக்கு ஒரு வார்த்தை

கிராம சேவக் சரவணமுத்துவின் சைக்கிள் பரமத்தி வேலூர்ப் பக்கத்து வரப்புகளில் தெரிந்தால், அந்த மனிதர் ஏதோ புதுசாகச் செய்யச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். ஒரு வருஷம் யூரியா, ஒரு வருஷம் குட்டை ரக நெல், இன்னொரு வருஷம் சாண எரிவாயு அடுப்பு. சலிக்காமல் சொல்லுவார். கேட்பவர்கள்தான் சலித்துக்கொள்வார்கள்.

யார் வீட்டுக்குப் போனாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். விவசாயி பெயர், சொன்ன விஷயம், பிறகு போய்ச் சொன்ன தேதிகளுக்கு மூன்று கட்டங்கள். மூன்று தடவையும் மறுத்தால், அதற்கடுத்த கடைசிக் கட்டத்தில் காரணம். அதை இங்கிலீஷில், ஒரே வார்த்தையில் எழுதச் சொல்லி மேலதிகாரி உத்தரவு. சரவணமுத்து இதற்கென்றே ஒரு பழைய அகராதி வாங்கினார். யோசிக்கிறேன் என்று இழுப்பவருக்கு ‘கன்சர்வேட்டிவ்’. முகத்துக்கு நேரே முடியாது என்பவருக்கு ‘அப்ஸ்டினேட்’. நாயை அவிழ்த்து விட்டவருக்கு ‘டைஹார்டு’. ஆளுக்குத் தகுந்த வார்த்தை கொடுப்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

எழுபத்து நாலில் பாவாயி என்ற விவசாயப் பெண்மணி குட்டை ரக நெல்லை மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றாள். இவர் வரப்பிலேயே உட்கார்ந்து எழுதினார்.

“ஏனுங்க, என்னமோ எழுதறீங்களே, என்னுங்க அது?”

“அப்ஸ்டினேட்டுங்க. என்ன சொன்னாலும் கேக்காத ஆளுன்னு அர்த்தமுங்க.”

பாவாயி கோபித்துக்கொள்ளவில்லை. “மூணு தடவையோட எழுதிப்போட்டீங்களே. நாலாந்தடவ கேட்டிருந்தா ஒரு மூலையில நட்டுப் பாத்திருப்பனுங்க.”

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே?”

“மொதல்லயே எனக்கு எப்படிங்க தெரியும்?”

சரவணமுத்து சிரித்துவிட்டு சைக்கிளை எடுத்தார். நாலாவது தடவை அவர் போகவில்லை. பதிவேட்டில் நாலாவது தேதிக்குக் கட்டம் கிடையாதே.

எண்பத்திரண்டில் அவர் மகள் வசந்தாமணி பிளஸ் டூ முடித்தாள். சேலத்தில் நர்சு படிப்புக்குப் போக வேண்டும் என்றாள். விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். ஊரார் வயலையெல்லாம் மாற்றச் சொல்லி நாயாய் அலைந்த மனிதர் சொன்னதைக் கேளுங்கள்:

“நம்மூட்டுப் புள்ள ஆஸ்டல்ல தங்கி, யாராரையோ தொட்டுத் தூக்கறதா? அதெல்லாம் நமக்கு வழக்கமில்ல சாமி.”

இரண்டாவது தடவை கேட்டபோது செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அவள் அழவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை.

விண்ணப்பம் கொடுக்கத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வாரக் கணக்கை முடிக்கலாம் என்று பதிவேட்டைத் திறந்தார். அடிவரியில் மகளின் குண்டுக் கையெழுத்து. பெயர்: சரவணமுத்து. சொன்ன விஷயம்: மகளை நர்சு படிப்புக்கு அனுப்புதல். மூன்று கட்டத்திலும் அவள் வந்து கேட்ட தேதிகள். கடைசிக் கட்டம் காலி. பக்கத்தில் பென்சிலால், ‘இத நீங்களே எழுதிக்குங்கப்பா.’

ஆபீஸ் பதிவேட்டில் கிறுக்கியிருக்கிறாளே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பேனா மூடியைக் கழற்றினார். கன்சர்வேட்டிவ் என்று எழுதலாமா? அது யோசிப்பவர்களுக்கு, இவர் யோசிக்கவே இல்லை. அப்ஸ்டினேட் என்று எழுதக் கை வரவில்லை. இத்தனை வருஷம் ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்த வார்த்தை, தன் பெயருக்கு நேராக வைத்துப் பார்த்தபோதுதான் சுட்டது. வெட்கமாக இருந்தது. பாவாயியின் ஞாபகம் வந்தது.

எழுந்து சமையலறைப் பக்கம் போனார். வசந்தாமணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சாமி.”

“என்னுங்கப்பா?”

மூடி கழற்றிய பேனா இன்னும் கையில்தான் இருந்தது.

“இன்னொருக்காக் கேளு.”