ஞானமுத்து திரும்பப் பெற்ற தீர்ப்பு

சீமெண்ணெய்க்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஞானமுத்துவின் மைத்துனர் கோச்சடையிலிருந்து சைக்கிளில் வந்தவர், என்னைக் கண்டதும் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, "அண்ணே, மச்சான் போயிட்டாருண்ணே" என்றார். காலையில் காப்பி கேட்டாராம். கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டதாம். வரிசையை விட்டு வெளியே வரவேண்டும் என்றுகூட எனக்குச் சற்று நேரம் தோன்றவில்லை. இந்த யுத்த காலத்தில் எத்தனை பேருக்குத்தான் இரங்கல் எழுதுவது? அலுத்துவிட்டது. ஆனாலும் இவருக்கு நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

நம் வாசகசாலைக்கு ஞாயிறு மாலைகளில் வந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மிஷன் பள்ளியில் அவரும் நானும் தமிழ்ப் பண்டிதர்கள். வாரம் முழுவதும் செய்யுள் நடத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் முடிந்து வந்து, ஊரே முணுமுணுக்கும் நாடகப் பாட்டுகளில் இரண்டை எடுத்து எது கவிதை என்று வழக்காடுவார். பாட்டை யாரும் அங்கே பாடக்கூடாது. சொல்லை மட்டும் வாசிக்க வேண்டும். யாராவது தன்னை மறந்து ராகம் இழுத்தால், "மெட்டைச் செருப்போட வெளிய விட்டுட்டு வாங்கய்யா" என்பார். மெட்டு இல்லாமல் நின்றால் கவிதை, விழுந்தால் வெறும் பாட்டு. இது பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லாத வாரம் கிடையாது. ஒரு வாரமும் போகாமல் இருந்ததும் கிடையாது.

ஒருமுறை இரண்டு நாடகக் கம்பெனிகளின் புலம்பல் பாட்டுகள் வழக்குக்கு வந்தன. இரண்டிலும் இறந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தாய் அழுகிறாள். ஒன்று மேலூர் கருப்பையா வாத்தியார் எழுதியது:

வெய்யோன் அவிந்தானோ விண்மீன் உதிர்ந்தனவோ
வையம் இருண்டதுவோ வாராயோ கண்மணியே

மற்றொன்று, பெயர் தெரியாத யாரோ எழுதியது:

ஆக்கிவச்ச கஞ்சி ஆறிக் கிடக்குதடா
தூக்கிவச்ச சட்டை துவைக்காமக் கிடக்குதடா

ஞானமுத்துவுக்கு யோசனையே தேவைப்படவில்லை. "பிள்ளை செத்துக் கிடக்கான், இவ வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா! குனிஞ்சு பிள்ளையப் பார்க்கச் சொல்லுங்கய்யா அவள!" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். கருப்பையாவின் கம்பெனி முதலாளி அன்று முன்வரிசையில் இருந்தார். மறுவாரமே அந்தப் பாட்டு மேடையிலிருந்து போயிற்று. கொஞ்ச நாளில் கருப்பையாவும் கம்பெனியை விட்டுப் போனார்.

அதன் பிறகு ஞானமுத்துவின் மூத்த மகள் எஸ்தர் விஷக்காய்ச்சலில் இறந்தாள். கெட்டிக்காரப் பெண். நாங்கள் சண்டை போடும்போதெல்லாம் எனக்காகப் பேசுவாள். அவள் போனபின் அவர் வாசகசாலைக்கு வருவதில்லை. பள்ளியிலும் அவள் பெயரை எடுப்பதில்லை. நாங்களும் எடுக்கவில்லை. பல மாதம் கழித்து வைகைக் கரையில் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று நின்று, "கருப்பையா பாட்டு சரிதான்யா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மேலூர் வரைக்கும் வாரீரா?" என்று கேட்டார்.

போனோம். புழுதியும் வெயிலுமாக அந்த பஸ் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு இடுப்பு வலிக்கிறது. கருப்பையா திருவிழா நாடகங்களுக்கு ஊர்ப் பையன்களைப் பழக்கிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். ஞானமுத்து சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஊரு சனம் அம்புட்டும் இருக்கையில என் பாட்டை மட்டம்னீங்க. இப்ப என் வாசல்ல வந்து நல்லாருக்குன்னா ஆச்சா சார்? சொன்ன எடத்துல சொல்லுங்க. எதனால மாறுச்சுன்னும் சொல்லுங்க."

எனக்கு வந்ததே கோபம்! மகளைப் பறிகொடுத்த மனுஷனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் திரும்பும் வழியில் ஞானமுத்து, "அவர் கேக்கிறது நியாயந்தான்யா. ஆனா எஸ்தர் பேர நாலு பேருக்கு முன்னால என்னால சொல்ல முடியுமான்னு தெரியலை" என்றார். அந்த வாரம் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கருப்பையா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞானமுத்து இரண்டு பாட்டையும் மெட்டில்லாமல் வாசித்தார். பிறகு, "என் மக எஸ்தர்" என்று தொடங்கி நிறுத்தினார்.

"என் மக எஸ்தர் கிடந்தப்ப நான் குனிஞ்சு பார்க்கலை. சன்னல் வழியா வெளியதான் பார்த்துக்கிட்டு நின்னேன். முகத்தைப் பார்க்க முடியாமத்தான்யா அந்தத் தாய் வானத்தைப் பார்த்திருக்கா."

"போதும் சார், உக்காருங்க" என்றார் கருப்பையா, எழுந்து நின்று.

ஞானமுத்து உட்காரவில்லை. வழக்கை முடிக்காமல் உட்காரும் பழக்கம் அவருக்குக் கிடையாதே! "சட்டை கண்ணுல படுறதுக்கு ரெண்டு மூணு நாளாகும். அதுக்கு அந்தக் கஞ்சிப் பாட்டு. உசிரு போன அந்த நேரத்துக்கு இந்தப் பாட்டு. ரெண்டையும் ஒரே தராசுல போட்டேன் பாருங்க, அதுதான் தப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இதனால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. பேசும்படம் வந்து அந்தக் கம்பெனி ஏற்கெனவே கலைந்திருந்தது. கருப்பையா மேலூருக்கே திரும்பிப் போனார். வாசகசாலைக்கு வரும் கூட்டமும் குறைந்தது. நாங்கள் இருவரும் கிழவர்களானோம், அவ்வளவுதான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு தயக்கம். இப்போது கிராமபோன் பிளேட்டில் ஏதோ ஒரு மட்டமான பாட்டு கேட்கிறது. மட்டம் என்று சொல்ல வாய் எடுக்கிறேன். இது யாருக்கு, எந்த நேரத்துக்கு எழுதியது, அந்த நேரம் எனக்கு இன்னும் வரவில்லையோ என்று தோன்றிவிடுகிறது. வாயை மூடிக்கொள்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் இது நல்ல செய்யுள், இது ஆகாது என்று சொல்லிப் பிழைக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை! இந்தத் தொல்லையை என் தலையில் கட்டிவிட்டுப் போனதற்காக அவரோடு ஒரு நல்ல சண்டை போட வேண்டும் போலிருக்கிறது. எனக்குச் சண்டை போட இருந்தது அவர் ஒருவர்தான்.