எழுந்திருக்காமல் இருக்கும் பயிற்சி

கறுப்பு பெல்ட் தேர்வு நடந்த அன்று அப்பா எழுந்து நின்றதை, அந்த மண்டபத்தில் என்னைத் தவிர வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்க அதில் ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா திருச்சுழிப் பக்கமிருந்து கரிமூட்டை ஏற்றிப் போகிற லோடு வண்டி ஓட்டுகிறார். சொந்த வண்டி. அன்றைக்கு வந்த லோடை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு என்னை அழைத்து வந்திருந்தார். நகக்கண்ணில் மட்டும் கரி போகவில்லை. நான் கராத்தே செய்வதை அதுவரை அவர் பார்த்ததில்லை. நான் பள்ளிக்கூடம் முடித்ததையும் பட்டம் வாங்கியதையும்கூடப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அதையெல்லாம் செய்த முதல் ஆள் நான் என்பதால், அதெல்லாம் எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியாது, நான் சொன்னதை நம்பினார். அன்று பார்க்க வந்தார்.

எனக்கு எதிரில் நின்ற பெண் என்னோடு பயிற்சி செய்கிறவள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். அவளுடைய அப்பா டவுனில் விதைக்கடை வைத்திருக்கிறார். அவர்களுடைய நிலம் எங்கள் ஊரில் இருக்கிறது. என் அப்பா சிறுவயதில் அந்த வீட்டு மாட்டுக்கொட்டத்தில் சாணி அள்ளியவர். கடைக்காரருக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவரும் பையன்களாக இருந்தபோதே ஒருவருக்கு இன்னொருவர் சின்ன முதலாளி. இதெல்லாம் எனக்குக் கதையாகத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து வணங்கி நிமிர்ந்தபோது கடைக்காரர் தாமதமாக உள்ளே வந்தார். போனைப் பார்த்துக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் பக்கத்தில் வந்த பிறகுதான் தலையைத் தூக்கினார்.

"அட, நீயா? உக்காருப்பா, உக்காரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அப்பா உட்காரவில்லை. கடைக்காரர் முன்வரிசையில் போய் உட்காரும்வரை நின்றுகொண்டிருந்தார்.

அதற்குள் என் விலாவில் ஓர் உதை விழுந்திருந்தது. வலி தெரியவில்லை. அதற்குப் பிறகு என் கையும் காலும் அவை பாட்டுக்கு வேலை செய்தன. தேர்ச்சி பெற்றுவிட்டேன். வெளியே வரும்போது மாஸ்டர், "இன்னைக்குத்தாம்மா நீ யோசிக்காம ஆடுன" என்று பாராட்டினார்.

எங்கள் பயிற்சி, முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியில் நடக்கும். சுவர் மூலைகளில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துத் தெருவில் தறி ஓடுகிற சத்தம் ஓயாது. சேர்ந்த முதல் நாள் அங்கே மாஸ்டர் சொன்னது: "புத்தி போறதுக்கு முன்னாடி கை போய் நிக்கணும். அதுக்குப் பேருதான் பயிற்சி." ஒரே தடுப்பை, ஒரே அடியை, சலிப்பு வந்து சலிப்பும் போகும்வரை செய்வோம். கராத்தேயின் அழகே அதுதான் என்று நம்பியிருந்தேன். கல்லூரியில் படித்தபோது யாரேனும் கேட்டால் இதையேதான் சொல்வேன், கொஞ்சம் பெருமையாகவே.

வீடு திரும்பும்போது வண்டியில் இதை நினைத்துக்கொண்டு வந்தேன். அப்பாவுக்கும் புத்தி போவதற்கு முன்னால் உடம்பு போய் நின்றது. அவரையும் பயிற்றுவித்திருக்கிறார்கள். அதை நன்றாகவே செய்திருக்கிறார்கள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். பந்தல்குடி வரை வந்தது வெயில்தான். அப்பா எதிரில் வந்த லாரிகளுக்கெல்லாம் தேவையில்லாமல் ஆரன் அடித்துக்கொண்டு ஓட்டினார்.

அம்மா மில்லில் ஷிப்டு முடித்து வந்திருந்தாள். சோறு போடும்போது கேட்டாள்.

"எப்படி ஆடுனா உங்க மக?"

"ஆடுனா."

"இதச் சொல்றதுக்கா லோட விட்டுட்டுப் போனீக?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பெல்ட்டு குடுக்குற விழாவுக்கு நான் வரலத்தா" என்றார் என்னிடம். "நீ பாத்தேல்ல."

பார்த்தேன் என்றேன். அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

"பெரிய மனுசன் வந்தா எந்திரிக்கிறதுல என்ன கொறஞ்சு போச்சு? மரியாததான?"

"நான் போனா அவுக எந்திரிப்பாகளா?" என்றார் அப்பா.

"ஆமா, நீங்க கவர்னரு."

அப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகு சொன்னார்: "எந்திரிக்கணும்னு நெனச்சு எந்திரிச்சா மரியாத. நான் நெனைக்கவே இல்லையே. எந்திரிச்சதுக்கு அப்பறந்தான் நிக்கிறேன்னே தெரியுது. வண்டிக்குள்ள இருந்தா ஒன்னுமில்ல. எதுக்க அவுகளே வந்தாலும் ஆரன் அடிச்சிட்டுப் போயிருவேன். எறங்குனா போச்சு."

நான் கராத்தேயில் கற்ற முதல் விஷயம் வணக்கம். எதிராளிக்கு முன்னால் குனிய வேண்டும். ஆனால் யாரும் தனியாகக் குனிவதில்லை. அவள் குனியும்போது நான் குனிகிறேன். நான் நிமிரும்போது அவளும் நிமிர்கிறாள். கிட்டங்கியில் தினமும் அந்தக் கடைக்காரர் மகளோடு அப்படிக் குனிந்து நிமிர்ந்திருக்கிறேன். எனக்கு அது எதையோ சரிசெய்வதாக ஓர் எண்ணம் இருந்தது. ஒரு துண்டு கைக்கு வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொன்றும் வரவில்லை.

"தப்பாப் பழகுன கால ஒங்க மாஸ்டர் எப்படித் திருத்துவாரு?" என்று அப்பா கேட்டார்.

"திட்ட மாட்டாரு. சரியா நிக்கச் சொல்லுவாரு. திரும்பத் திரும்ப."

"அப்ப எனக்குச் சொல்லிக்குடு. விழாவுக்கு வாரேன். ஆனா அவுக வரயில உக்காந்தே இருக்கணும். அதுக்கப்பறம் எந்திரிக்கணும்னு தோணுனா எந்திரிச்சிக்கிறேன்."

மறுநாள் சாயங்காலம் வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். நான்தான் கடைக்காரர். போனைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தேன். அம்மா வாசலில் நின்று, "இப்படியா நடப்பாக? வயித்தத் தள்ளிக்கிட்டு நடடி. எலி மாரி வார!" என்றாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அப்பா ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, சௌக்கியமா?" என்றேன். "சௌக்கியந்தான்வே, நீ எப்படி இருக்க?" என்றார். அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். எத்தனை முறை நடந்தாலும் அவர் எழவில்லை. அதனால் பயனில்லை என்று எனக்குத் தெரிந்தது. அடிக்க மாட்டான் என்று தெரிந்தவனோடு சண்டை பழக முடியாது.

அம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவளும் கல்யாணமான புதிதில் அந்த வீட்டு நிலத்தில் களை எடுத்தவள். சொல்லாமல் வீட்டுக்குப் பின்புறம் போனாள். அங்கிருந்து, கடைக்காரருடைய அப்பாவின் குரலில், செத்துப்போன அந்தப் பெரிய முதலாளி கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"ஏலே!"

அப்பாவின் இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்பிவிட்டது. துண்டு கையில் இருந்தது.

அம்மா சுவரோரமாக எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது. பிறகு அது இல்லை. "வேணாம், விட்ருங்க" என்றாள்.

அப்பா உட்கார்ந்தார். "மறுபடி கூப்புடு" என்றார்.

அப்புறம் தினமும் கூப்பிட்டாள். எதிராளி பொய்யாக அசையும்போது அசையாமல் இருப்பதுதான் சண்டையில் கஷ்டமான வேலை. அதற்கு எனக்குச் சொல்லித் தந்ததை அவருக்குச் சொன்னேன். மூச்சை வயிற்றுக்கு இறக்குங்கள், தோளைத் தளரவிடுங்கள் என்றேன். பிறகு அவர் கால்களைப் பார்த்தேன். எழுவதற்கு முன் இரண்டு பாதமும் நாற்காலிக்கு அடியில் பின்னால் போயின. பாதம் முன்னால் இருந்தால் யாராலும் எழ முடியாது.

"கால முன்னாடி நீட்டி வைங்கப்பா."

அப்பா அதிர்ந்துபோனார். "அவுக முன்னாடியா? கால நீட்டிக்கிட்டா?"

பேசிப் பேசி, ஒரு காலை மட்டும் ஒரு சாண் முன்னால் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். அதற்குமேல் மரியாதை இல்லை என்றார். சில நாட்களில் இடுப்பு எழுவது நின்றது. துண்டைத் தேடிக் கை போவது மட்டும் நிற்கவில்லை. கைகளை நாற்காலியின் கைப்பிடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

விழா அதே மண்டபத்தில் நடந்தது. என் பெயரைக் கூப்பிட்டு, பெல்ட்டைக் கட்டிவிட்டார்கள். கைதட்டினார்கள். நான் கீழே உட்கார்ந்திருந்த அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் இன்னும் வரவில்லை. நடுவில் ஒரு நினைப்பு வந்தது: வராமலே போய்விட்டால் நல்லது.

வந்தார். மனைவியோடு, கையில் மகளுக்கு வாங்கிய பூங்கொத்தோடு வந்தார். மேடை ஓரத்திலிருந்து எனக்கு அப்பாவின் பாதங்கள் தெரிந்தன. வலது கால் முன்னால் இருந்தது. இடது பாதம் பின்னால் நகர்ந்து, நின்றது. விரல்கள் கைப்பிடியில் வெளுத்திருந்தன. கடைக்காரர் அவர் பக்கத்தில் நின்றார்.

"என்னப்பா, மக பெல்ட்டு வாங்கிருச்சா?"

"வாங்கிருச்சுங்க" என்றார் அப்பா. உட்கார்ந்தே சொன்னார். குரல் கொஞ்சம் உரக்க வந்தது. துண்டு தோளில் இருந்தது.

"சந்தோசம், சந்தோசம்" என்று கடைக்காரர் முன்வரிசைக்குப் போனார். அவர் எதையும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அத்தனை சாயங்காலம் நடந்தது அவருக்கு ஒரு நொடிகூட இல்லை. அவருடைய மகள் மேடையில் என் கையைப் பிடித்து, "அக்கா, எங்கப்பா வந்துட்டாரு" என்றாள். எனக்கு நெஞ்சு நிறையும் என்று எதிர்பார்த்தேன். நிறையவில்லை. இடுப்பில் பெல்ட் புதுத்துணி விறைப்போடு நின்றது, அதுதான் தெரிந்தது.

கூட்டம் கலைந்தது. கடைக்காரர் குடும்பம் காரில் ஏறிப் போய்விட்டது. அப்பா மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"போகலாம்ப்பா."

"இருத்தா. காலு மரத்துப் போச்சு."

குனிந்து கெண்டைக்காலை அழுத்தினேன். கல்லாக இருந்தது. "தெரியுதா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மண்டபத்து ஆள் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். கடைசியாக எங்கள் இருவருடையதும்தான் மிச்சம்.

"அண்ணே, எந்திரிங்கண்ணே. சேர எடுக்கணும்."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"செத்த இருப்பா" என்றார். "உக்காந்திருக்கேன்ல."