முருங்கைக்காயோடு ஓர் அந்நிய சக்தி

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் ருமேனியா நாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போட வரிசையில் நின்றேன்.

எனக்கும் ருமேனியாவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. மேப்பில் காட்டச் சொன்னால் எங்காவது விரலை வைத்துவிட்டு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன்.

நடந்தது இதுதான். பிளாக்டவுனில் காய்கறி வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்புகிறேன். ஒரு கம்யூனிட்டி ஹால் வாசலில் நீளமான வரிசை. சுவரில் ஓட்டுப்பெட்டிப் படம். எனக்குப் பகீரென்றது. ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்பது உங்களுக்குத் தெரியும். போன கவுன்சில் தேர்தலை நான் சுத்தமாக மறந்துபோய், அபராதத்தைவிட அதிகமாக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்கும் என் மனைவி கல்பனாவுக்கும் மட்டும் தெரியும். ஆகவே யோசிக்கவே இல்லை. டிரைவிங் லைசென்ஸை உருவிக்கொண்டு போய் நின்றுவிட்டேன்.

ரொம்ப நேரம் நின்றேன். பிறகு ஒரு சந்தேகம். தேர்தல் என்றால் வாசலில் சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்துத் தருவார்களே... அந்த வாசனையே காணோமே? முன்னால் நின்ற பெண்மணியிடம், “சாசேஜ் எங்கே தருகிறார்கள்?” என்று கேட்டேன்.

நாலைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஓட்டை விலைபேச வந்த ஏஜென்டைப் பார்க்கிற பார்வை.

அந்தப் பெண்மணி பெயர் மிஹாயெலா. நர்ஸ். ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார். அவர்தான் விளக்கினார். இது ருமேனியத் தேர்தலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இருக்கிற ஊரிலேயே ஓட்டுப் போடலாமாம். அவர்கள் கிராமங்களில் வேட்பாளர்கள் எண்ணெய் பாட்டிலும் சர்க்கரைப் பையும் கொண்டுவந்து இறக்கிய காலம் உண்டாம். அதனால் ஓட்டுச்சாவடிப் பக்கம் தின்பண்டத்தைப் பற்றிப் பேசினாலே அவர்களுக்கு அலர்ஜி.

எங்கள் ஊரில் மிக்ஸி, கிரைண்டர், டிவி எல்லாம் தந்தார்கள் என்றேன். அவர் புருவம் உயர்ந்தது. எண்ணெய், சர்க்கரையோடு நின்றுவிட்ட தன் நாட்டை நினைத்துக் கொஞ்சம் ஏக்கப்பட்டார் என்றுகூடத் தோன்றியது.

எதற்கான வரிசை என்றே தெரியாமல் நின்றதைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், தோளில் தட்டிக்கொடுத்தார். ஒரே கட்சி ஆண்ட அவருடைய சின்ன வயதில் அப்படித்தானாம். தெருவில் வரிசையைப் பார்த்தால் முதலில் போய் நின்றுவிட வேண்டும். ரொட்டியா, முட்டையா, செருப்பா என்பதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். “நீங்கள் பாதி ருமேனியன்” என்று சான்றிதழே கொடுத்துவிட்டார்.

அந்தக் கௌரவத்துக்குப் பிறகு எப்படி வீட்டுக்குப் போவது? அங்கேயே நின்றேன். சும்மா சொல்லக் கூடாது, திருவிழாதான். கொடி, குழந்தைகள், செல்ஃபி. அவர்கள் தாய்நாட்டில் இப்போதுதான் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே ஓட்டுப்பதிவே முடியப் போகிறது!

அப்போது மிஹாயெலாவுக்கு போன். கணவர் லிவியு. குவேக்கர்ஸ் ஹில் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டில் இருப்பது ஒரே கார், அது இவரிடம். வார இறுதி என்பதால் தண்டவாள வேலை, ரயில் கிடையாது. மாற்று பஸ்ஸும் வருவதாக இல்லை. டாக்சியும் கிடைக்கவில்லை. இவர் போய் அழைத்துவரலாம் என்றால் வரிசையில் இடம் போய்விடும். கதவை மூடும்போது வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் ஓட்டு.

“நான் இருப்பதே குவேக்கர்ஸ் ஹில்தான். நான் போகிறேன்” என்றேன். வாய் என்பது எனக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும் உறுப்பு.

அவர் என்னைப் போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினார். என் காய்கறிப் பையைப் பிணையாக வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், “சீக்கிரம் கூட்டி வாங்க. அவர் தப்பான ஆளுக்குத்தான் போடப் போறார்.”

எனக்குப் புரியவில்லை. அவர் ஓட்டு உங்கள் ஓட்டை அடித்துவிடுமே, இரண்டு பேரும் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாமே என்றேன்.

“எங்கப்பாவும் அம்மாவும் தேர்தல்னு வந்தா ஒரு நாளும் சண்டை போட்டதில்ல. ஓட்டுச்சீட்டுல ஒரே கட்சிதான் இருக்கும். அது நல்ல குடும்பம்னு நினைக்கிறீங்களா?”

காரை எடுத்தேன். என் ரத்த அழுத்தம் எங்கேயோ இருந்தது. யோசித்துப் பாருங்கள்... ஒரு நாட்டின் தலைவிதியில் ஓர் ஓட்டு என் கையில்! இரண்டு சிக்னலில் கொஞ்சம் சோம்பினால் மிஹாயெலா கட்சிக்கு ஓர் ஓட்டு லாபம். தேர்தலில் அந்நிய சக்திகளின் தலையீடு என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்தச் சக்தி ஒரு பழைய காரில், ஏசி வேலை செய்யாமல் வியர்த்துக்கொண்டு போகும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

லிவியு ஆஜானுபாகு. சீட்டில் உட்கார்ந்ததும் கார் ஒரு பக்கம் சாய்ந்தது. வழியெல்லாம் பேசினார். அவர் வேலை பார்த்த டிராக்டர் தொழிற்சாலையை, அந்த ஒரே கட்சி ஆட்சி போன கொஞ்ச வருடங்களில் இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர், பழைய ஆட்சியில் அங்கே கட்சிச் செயலாளராக இருந்தவர். பிறகு ஆட்கள் கிளம்பினார்கள். இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி. போன வருடம் அவர் ஊருக்குப் போனபோது தெரு முழுக்கப் பூட்டிய வீடுகள். எல்லா வீட்டுச் சாவியும் எதிர்வீட்டுக்காரி ஒருத்தியிடம். ஜன்னல் திறந்து காற்றாட விடுவதே அவளுக்கு முழுநேர வேலை. அவள் ஊரைவிட்டுப் போனால் சாவிகளை யாரிடம் கொடுப்பாள்? போனவர்களைத் திரும்ப அழைப்பேன் என்று ஒரு வேட்பாளர் சொல்கிறாரே, அவருக்குத்தான் என் ஓட்டு என்றார்.

வேடிக்கை என்னவென்றால், அதே தெருவைப் பற்றித்தான் மிஹாயெலாவும் வரிசையில் சொல்லியிருந்தார். எல்லை திறந்ததால்தானே அந்தத் தெருப் பிள்ளைகள் பிழைத்தார்கள், அதை மூடப் பார்க்கிறவனுக்கா ஓட்டு என்று. ஒரே பூட்டு. இரண்டு பேர் கையிலும் வேறு வேறு சாவி. நான் இரண்டு பேர் சொன்னதற்கும் தலையாட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே அரசியல் அதுதான்.

ஹால் வாசலுக்கு வந்தால் வரிசையே இல்லை.

இருந்தது ஒரே ஆள். மிஹாயெலா. பின்னால் வந்தவர்களை எல்லாம், நீங்க போங்க, நீங்க போங்க என்று முன்னால் அனுப்பிவிட்டு, வரிசையின் கடைசி ஆளாகத் தானே நின்றிருக்கிறார். கதவை மூட வந்தவர் கைப்பிடியில் கை வைத்திருந்தார். மிஹாயெலா கதவிடுக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு, என் முருங்கைக்காயை ஆட்டி ஆட்டி அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். கணவர் வராவிட்டால் தன் ஓட்டும் போய்விடும். தெரிந்தேதான் நின்றார்.

லிவியு ஓடினார். அவ்வளவு பெரிய உருவம் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நானும் ஓடினேன், எதற்கென்று தெரியாமல். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். போகும்போதே அவர்கள் மொழியில் சண்டை ஆரம்பித்துவிட்டது. வெளியே வந்தபோதும் அது முடிந்திருக்கவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வாசலில் நின்ற கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் சொந்த ஓட்டை நான் அபராதத்துக்குப் பயந்தும், சாசேஜுக்கு ஆசைப்பட்டும் போட்டுக்கொண்டிருக்கிறேன்...

வீட்டுக்கு வந்து, ஒடிந்த முருங்கைக்காயைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, ஒரு மூச்சில் முழுக்கதையையும் கல்பனாவிடம் சொன்னேன். கறிவேப்பிலையை உருவிக்கொண்டே கேட்டாள். எனக்குத் திடீரென்று ஓர் ஆசை. எங்கள் வீட்டின் இரண்டு ஓட்டும் ஒரே பக்கம்தான் விழுகிறது என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேனே, கேட்டதே இல்லையே?

“ஆமா, போன எலெக்‌ஷன்ல நீ யாருக்குப் போட்டே?”

அவள் நிமிரக்கூட இல்லை.

“நீங்க போட்டவருக்கு இல்ல.”